தண்ணீர்த் தொட்டி மேல் கிடக்கும் கிராஸ் மெம்பர்

ஆடி மாதக் காற்றில் எங்கள் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறந்துவிடும். கோயம்புத்தூர்க் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் மூடியின் மேல் கனத்துக்கு ஒன்றை வைத்திருக்கிறேன். இரண்டுக்கு ஒன்று அங்குல இரும்பு பாக்ஸ் பைப், இரு முனையிலும் 6 மி.மீ. தகடு, மூலைக்கு மூலை முக்கோண முட்டு, நடுவில் ரப்பர் மவுண்டிங் உட்கார ஒரு சின்ன மேடை. வெல்டிங் ஓடிய இடமெல்லாம் பின்னிய சடை போல ஒரே சீர். பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது மாடிக்கு வந்தால் அதைப் பார்த்ததும் நின்றுவிடுவார்கள். கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பார்கள். "கியர்பாக்ஸ் கிராஸ் மெம்பர்தானே? இவ்வளவு அம்சமா இருக்கு, எதுக்குக் கழட்டிப் போட்டீங்க?" கிராஸ் மெம்பர் என்பது வண்டிக்கு அடியில் குறுக்கே நின்று கியர்பாக்ஸின் பின்பக்கத்தைத் தாங்கும் சட்டம். என் வண்டிக்கு அடியில் இப்போது இருப்பதைக் குனிந்து பார்க்கச் சொன்னால் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அது ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எதையோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன். முழுதாகச் சொன்னால் அரை நாள் ஆகும் என்பது ஒரு காரணம். தப்பு என்னுடையது என்பது இன்னொரு காரணம்.

வண்டி 1969 மாடல் அம்பாசடர் மார்க் 2. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. வாங்கும்போதே அதில் அசல் எஞ்சின் இல்லை. 1489 சிசி எஞ்சினையும் ஸ்டியரிங்கில் கியர் போடும் நான்கு கியர் பெட்டியையும் எடுத்துவிட்டு, 1990-களில் யாரோ ஒரு காண்டஸா காரின் 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் இறக்கியிருந்தார்கள். எஞ்சின் மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் முறையாக ஏறியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தேன். அந்தக் காலத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. இந்துஸ்தான் மோட்டார்ஸே அதே எஞ்சினை வைத்து அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட் என்று விற்றுக்கொண்டிருந்தது. அசல் எஞ்சின் இல்லாத வண்டி வண்டியே இல்லை என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பழைய எஞ்சினோடு ஒரு வண்டியில், பின்னால் பஸ்காரர் விடாமல் ஹாரன் அடிக்க, பர்லியாறு தாண்டிக் குன்னூர் ஏறியிருக்கிறேன். அந்த ஆசை எனக்கு அன்றைக்கே தீர்ந்துவிட்டது.

பிரச்சினை வேறு. அறுபதைத் தொட்டால் தரையில் ஒரு முனகல் ஆரம்பிக்கும். எழுபதில் அது முழு நடுக்கமாகிவிடும். ஸ்டியரிங் ஆடாது, சீட்டுக்கு அடியிலிருந்து வரும். உள் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வரும் ஒரு லாரி இரண்டு லாரியாகத் தெரியும். கிணத்துக்கடவு வரை போய் வந்தால் உள்ளங்கால் மரத்துப் போகும். "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்று பத்துப் பேராவது சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். இதே வண்டியைத்தான் நாற்பது ஐம்பது வருஷம் டாக்சியாக ஓட்டினார்கள். எல்லாரும் நடுங்கிக்கொண்டா போனார்கள்?

லாரி டயர்த் துண்டு

எல்லாரையும் போலச் சுலபமானதில்தான் தொடங்கினேன். நான்கு டயரும் மாற்றினேன், வீல் பேலன்சிங் செய்தேன். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட்; அதன் இரு முனையிலும் மடங்கும் மூட்டாக இருக்கும் யூஜே கிராஸ் இரண்டையும் மாற்றினேன். நடுக்கம் அப்படியே இருந்ததால் வாங்கிய கிராஸ் மட்டம் என்று முடிவு கட்டி இன்னொரு தடவை மாற்றினேன். ஷாஃப்டைக் கழற்றி கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து பேலன்ஸ் பார்த்தேன். அங்கே அது சுத்தமாக ஓடியது. வண்டியில் மாட்டினால் பழைய கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாலை காலியாக இருக்கும்போது, முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். எழுபதுக்கு மேல் ஏற்றி, நியூட்ரலில் போட்டு, வண்டியை உருள விட்டேன். எஞ்சின் ஐட்லிங்கில் அமைதியாகிவிட்டது. நடுக்கம் மட்டும் வேகத்தோடு சேர்ந்தே மெல்ல மெல்ல இறங்கியது. அப்புறம் ஓரமாக நிறுத்தி, நின்ற இடத்திலேயே எஞ்சினை அதே அளவு முடுக்கினேன். ஒன்றுமே இல்லை. ஆக, குற்றவாளி எஞ்சின் இல்லை. கியர்பாக்ஸின் வாலிலிருந்து பின் அச்சு வரை எங்கோ இருக்கிறது. ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்த பிறகு, ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை சொன்ன செய்தி இது.

அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் அதைச் சரியாகக் கவனித்தேன். கியர்பாக்ஸின் பின்பக்கம் ஒரு ஆங்கிள் இரும்பின் மேல் உட்கார்ந்திருந்தது. நடுவில் ரப்பர் மவுண்டிங் இருக்க வேண்டிய இடத்தில் லாரி டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. டயருக்குள் இருக்கும் நைலான் நூல் பிசிறு பிசிறாகத் தொங்கியது. ஒரு பக்கம் நசுங்கி, கியர்பாக்ஸ் இடப்பக்கம் சாய்ந்து, வால் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. ஆங்கிளின் இரு முனையும் தரைத் தகட்டில் நேராகத் துளை போட்டு முடுக்கப்பட்டிருந்தன. போல்ட்டைச் சுற்றித் தகடு குழிந்து விரிசல் விட்டிருந்தது. அம்பாசடருக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. அடியில் சேசிஸ் போலத் தெரியும் நீளக் கால்கள்கூட மடித்த தகடுதான், உள்ளே வெற்றிடம். அதில் போல்ட்டை இறுக்கினால் இரும்பு இறுகாது, பெட்டி நசுங்கும். இதைச் செய்தவரைத் திட்டவும் மனம் வரவில்லை. முப்பது வருஷம் தாங்கியிருக்கிறது.

சரி, ஐஎஸ்இசட் வண்டியின் அசல் கிராஸ் மெம்பர் கிடைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துச் சென்னைக்கு ரயில் ஏறினேன். பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுக்க அலைந்து, துருப்பிடித்த ஒன்றைக் கண்டுபிடித்து, கோணியில் சுற்றி, சீட்டுக்கு அடியில் தள்ளிக் கொண்டுவந்தேன். பிடித்துப் பார்த்தால் மவுண்டிங் இடம் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் தள்ளி நின்றது. என் வண்டியில் எஞ்சினையே கம்பெனி வைத்த இடத்தில் வைக்கவில்லை. எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தடுப்புத் தகடான ஃபயர்வாலை ஒட்டிப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அந்தப் பயணத்தில் உருப்படியாகக் கிடைத்தது ஒன்றுதான்: ஒரு நல்ல காண்டஸா கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர். மற்றதைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று முடிவானது.

சடைப்பின்னல்

பீளமேட்டில் எனக்குத் தெரிந்த வெல்டிங் தம்பி ஒருவர் இருக்கிறார். கேட், கிரில் செய்யும் பட்டறைதான், ஆனால் கை அப்படி ஒரு கை. படத்தைக் காட்டி, "லாரியையே தூக்குற மாதிரி வேணும்" என்றேன். பாருங்கள், தப்பு அந்த வாக்கியத்திலேயே ஆரம்பித்துவிட்டது. பின் மவுண்டிங்கில் வரும் கனம் அவ்வளவு பெரியதில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டும் சேர்ந்த எடையில் பெரும்பகுதியை முன்னால் இருக்கும் இரண்டு எஞ்சின் மவுண்டிங்குகள் தாங்கிக்கொள்கின்றன. பின்னால் வருவது மிச்சம். ஆனால் இரும்பு வேலை என்று வந்துவிட்டால் நம் ஆட்களுக்கு மனதில் ஓடுவது பலம் ஒன்றுதான். எனக்கும் அப்படித்தான் ஓடியது.

வண்டியின் பாடிக்கு நான்கு ஸ்டாண்ட் கொடுத்துத் தூக்கி நிறுத்தினோம். கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி வைத்தோம். எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று தம்பி கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "எவ்வளவு மேல போகுதோ அவ்வளவு மேல." எங்கள் தெரு முனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. வேகத்தடை என்பது மரியாதைக்குச் சொல்வது. யாரோ ஒரு லோடு தாரைக் கொட்டிவிட்டுப் போனது அது. பழைய ஆங்கிள் இரும்பு அதில் உரசாத நாளே இல்லை. புதியது உரசவே கூடாது என்பது என் வைராக்கியம். ஜாக்கியை ஏற்றினோம். வண்டித் தரையின் நடுவே கியர்பாக்ஸுக்காக மேடாக எழும் சுரங்கத்தின் கூரையில் கியர்பாக்ஸ் முட்டியது. ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினோம். அந்த இடத்துக்குத்தான் அளவெடுத்தோம்.

வேலையில் குறை சொல்ல முடியாது. முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தோம், அப்புறம்தான் இரும்பு. நீளக் கால்களில் போல்ட் போகும் துளைக்குள் குழாய்த் துண்டு வைத்து வெல்டு செய்தோம். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் குழாய் தாங்கும், பெட்டி நசுங்காது. பக்கத்திலேயே முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார்கள், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பிகள், நீளவாட்டில் ஓடுகின்றன. அவை கட்டப்பட்ட இடத்துக்கு அருகில் வெல்டிங் ராடையே கொண்டுபோகவில்லை. கார்பெட்டை முழுக்க எடுத்துவிட்டதாக நினைத்தோம். ஒரு மூலையில் பழைய ஃபெல்ட் ஒட்டியிருந்தது, அது கனன்று வண்டிக்குள் புகை கிளம்பியது. ஈரச் சாக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் இந்தக் கட்டுரை வேறு விதமாகப் போகவில்லை.

மாட்டும்போது முனைத் துளை 3 மி.மீ. ஒத்து வரவில்லை. ஒரே மூச்சில் ஒரு பக்கமாக வெல்டு ஓட்டினால் இரும்பு ஆறும்போது அந்தப் பக்கம் இழுத்து வளைந்துவிடும். நாங்கள் அதைத்தான் செய்திருந்தோம். கடப்பாரை போட்டு நெம்பி மாட்டினோம். மாட்டிவிட்டு இரண்டு பேரும் தரையில் மல்லாந்து படுத்து அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே டீ குடித்தோம். கறுப்பு பெயிண்டில் பளபளவென்று இருந்தது. தரையிலிருந்து உயரமோ உயரம். தெருமுனை வேகத்தடையில் அன்றைக்கு வண்டி உரசவே இல்லை.

பொள்ளாச்சி சாலையில் ஐம்பதிலேயே நடுக்கம் ஆரம்பித்தது. எழுபதில் கையுறைப் பெட்டியின் கதவு தானாகத் திறந்துகொண்டது. முன்பைவிட மோசம்.

நிக்குதா, தொங்குதா?

இதற்கப்புறம் இரண்டு வாரம் நான் வண்டிப் பக்கமே போகவில்லை. தம்பிக்கு என்னைவிட அவமானம். அவர்தான் ஒரு பெரியவரை அழைத்து வந்தார். எழுபது வயது தாண்டிய ஃபிட்டர், பஸ் பட்டறைகளிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். டிவிஎஸ் ஐம்பதை ஓரமாக நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வண்டி மறுபடியும் ஸ்டாண்டுகளின் மேல் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கதை சொன்னோம். பாக்ஸ் பைப்பின் கனம், தகட்டின் கனம், ரப்பர் எங்கே வாங்கியது, எல்லாம். அவர் கிராஸ் மெம்பரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வண்டி நிக்குதா, தொங்குதா?" என்றார்.

"ஸ்டாண்டுல நிக்குதுங்க ஐயா."

"ஸ்டாண்டு எதுக்குக் குடுத்திருக்கீங்க?"

"பாடிக்குங்க."

"அப்பத் தொங்குது."

பின் சக்கரங்களைக் கையால் காட்டினார். பாடியைத் தூக்கிவிட்டதால் பட்டை ஸ்பிரிங்குகள் தளர்ந்து, அச்சு முழுதாகக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. புரொப்பல்லர் ஷாஃப்ட் சறுக்குமரம் மாதிரி இறங்கிக் கிடந்தது. பின் அச்சு ஹவுசிங்கின் மூக்கு, அதாவது ஷாஃப்ட் வந்து சேரும் பினியன், அதுவும் நிற்கும்போது இருக்கும் கோணத்தில் இல்லை. "தொங்கற வண்டிக்கு அளவெடுத்து, ஓடற வண்டிக்கு மாட்டியிருக்கீங்க. கட்டில்ல படுத்தவனுக்கு அளவெடுத்து சட்டை தைக்கற கதை" என்றார். திட்டுகிற தொனியே இல்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, "கியர்பாக்ஸை ஏன் கண்ணு மாடியில ஏத்தி வெச்சிருக்க?" என்றார்.

வேகத்தடையைப் பற்றிச் சொன்னேன். பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ஒரு நாளைக்கு அதை எத்தனை தடவை தாண்டுவ?" என்று கேட்டார். இரண்டு தடவை என்றேன். "சாஃப்ட் ஒரு நிமிசத்துக்கு எத்தனை தடவை சுத்தும்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: என் டயருக்கும் கிரவுன் பினியன் விகிதத்துக்கும் எழுபதில் சுமார் 2500 சுற்று.

அன்று மாலையே வண்டியைப் பக்கத்து லாரிப் பட்டறையின் குழி மேல் ஓட்டி நிறுத்தினோம். நான்கு சக்கரமும் தரையில். பின் சீட்டில் ஆள் உட்கார்ந்த கனத்துக்கு இரண்டு சிமெண்ட் மூட்டை. புது சீட் கவர் மேல் சிமெண்ட் மூட்டையை வைத்ததை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. பெரியவர் நூல்குண்டு கொண்டுவந்திருந்தார். பாகைமானி மட்டும் என் மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து. முன்னால் கிராங்க் புல்லியின் முகத்தில் நூலைத் தொங்கவிட்டு எஞ்சினின் சாய்வு. ஷாஃப்டின் மேல் வைத்து ஷாஃப்டின் சாய்வு. பின்னால் பினியன் ஃபிளாஞ்சின் முகத்தில் பினியனின் சாய்வு. நான் போனில் உள்ள ரசமட்டத்தை வைத்தும் பார்த்தேன். பெரியவரின் கணக்குக்கும் போனுக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. எஞ்சின் பின்னோக்கி 1 டிகிரி சரிந்திருந்தது. ஷாஃப்ட் 6 டிகிரி. பினியன் 3 டிகிரி. சிகரெட் அட்டையின் பின்பக்கம் இந்த மூன்று எண்ணையும் எழுதி என்னிடம் நீட்டினார். அது இன்றும் வண்டியின் ஆர்.சி. உறைக்குள் இருக்கிறது.

கால் சதவீதம்

யூஜே கிராஸ் என்கிற அந்தச் சிலுவைத் துண்டு ஒரு விசித்திரமான பொருள். இத்தாலியின் கார்டானோவின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்; 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் அதன் போக்கை ஆராய்ந்து எழுதினார். கோணத்தில் நிற்கும் இரண்டு தண்டுகளை அது இணைக்கும், ஆனால் ஒரு வேகத்தை உள்ளே வாங்கி அதே வேகத்தை வெளியே கொடுக்காது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை கொஞ்சம் முந்தும், இரண்டு தடவை கொஞ்சம் பிந்தும். கோணம் கூடக் கூட இந்த இழுபறியும் கூடும். அதனால்தான் ஷாஃப்டின் இரு முனையிலும் ஒவ்வொன்று. முன்னால் உள்ளது உண்டாக்கும் இழுபறியைப் பின்னால் உள்ளது அதே அளவில் திருப்பிப்போட்டு அழித்துவிடும், இரண்டு கோணமும் சமமாக இருந்தால். பெரியவர் சொன்னது இன்னும் எளிது: "முன்னாடி இருக்கறவன் ஆட்டறதைப் பின்னாடி இருக்கறவன் சமன் பண்ணோணும். ரெண்டு பேரும் ஒரே அளவு சாஞ்சாத்தான் முடியும்."

என் வண்டியில் முன் கிராஸின் கோணம் ஆறில் ஒன்று போக 5 டிகிரி. பின் கிராஸின் கோணம் ஆறில் மூன்று போக 3 டிகிரி. அழியாமல் மிஞ்சும் வேக ஏற்ற இறக்கத்தைக் கணக்குப் போட்டால் கால் சதவீதம்தான் வருகிறது. கால் சதவீதம்! அந்த எண்ணைப் பார்த்து நான் முதலில் நம்பவில்லை. ஆனால் 2500 சுற்றில், சுற்றுக்கு இரண்டு என்றால், நொடிக்கு எண்பது தடவைக்கு மேல் அந்தக் கால் சதவீதம் இரும்பைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு கனமான அச்சை, அதைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கை, அதற்கு மேலே இருக்கும் தகட்டுப் பெட்டியை, அதில் உட்கார்ந்திருக்கும் என்னை. பழைய டயர்த் துண்டு வாலைக் கீழே விட்டுக் கெடுத்தது; நான் மேலே தூக்கிக் கெடுத்தேன். இரண்டு பேரும் கோணத்தைப் பார்க்கவில்லை.

கோணமே இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே நேர்கோட்டில் வைத்துவிட்டால் என்ன என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. கிராஸுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் கொஞ்சமாவது உருண்டு அசைய வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் அடிவாங்கி அங்கேயே பள்ளம் விழுந்துவிடும். அதனால் ஒரு டிகிரி போலக் கோணம் இருப்பது நல்லது.

நான் இதுவரை கிராஸ் மெம்பரை ஒரு பாலம் மாதிரி நினைத்திருந்தேன். இரண்டு கரை, நடுவில் ஒரு கனம். கம்பெனிகள் இந்த இடத்துக்கு மடித்த தகட்டையே போட்டு வண்டி விற்றதை எத்தனையோ தடவை பார்த்திருந்தும், அது ஏன் போதுமானதாக இருக்கிறது என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. அதன் முதல் வேலை ஒரு வாலை ஒரு குறிப்பிட்ட உயரத்தில் பிடித்து வைப்பது. என்னுடையது லாரியைத் தாங்கும், ஆனால் 30 மி.மீ. தள்ளிப் பிடித்திருந்தது.

மரக்கட்டையிலிருந்து

இரண்டாவதைச் செய்த முறையே தலைகீழ். வண்டி குழியின் மேல், சக்கரம் தரையில், சிமெண்ட் மூட்டை சீட்டில். சடைப்பின்னலைக் கழற்றி ஓரமாக வைத்தோம். கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி, அதன் மேல் ஒரு தேக்குக் கட்டை. முன் எஞ்சின் மவுண்டிங் நட்டுகளைத் தளர்த்திவிடச் சொன்னார் பெரியவர். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு பொய் சொல்லும். ஜாக்கியை இம்மி இம்மியாக இறக்கினோம். கிராங்க் புல்லியில் தொங்கிய நூல் 3 டிகிரியைக் காட்டியபோது, "போதும், சாமி" என்றார். வால் 30 மி.மீ. இறங்கியிருந்தது. வால் இறங்கியதால் ஷாஃப்டின் சாய்வும் குறைந்து 4.3 டிகிரி போல வந்துவிட்டது. முன்னால் 1.3, பின்னால் 1.3. அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் விளக்க முயன்று தோற்றேன்.

ஆனால் ஓரிடத்தில் இறக்கினால் நாலு இடத்தில் இடிக்கும். எஞ்சினின் தலை பின்னால் சாய்ந்து ஃபயர்வாலை நெருங்கியது. ஒரு ஹோஸை மாற்றிப் போட வேண்டியிருந்தது. ஃபேனின் மேல் இறக்கை ரேடியேட்டரிலிருந்து விலகியது, கீழ் இறக்கை நெருங்கியது. கியர் லீவர் தரைத் துளையின் பின் விளிம்பில் இடித்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி சைலன்சர் பைப். முன்பு கிராஸ் மெம்பருக்கு அடியில் தாராளமாகப் போனது இப்போது நேராக அதன் வயிற்றில் முட்டுகிறது. நேர்ப் பைப் இனி உதவாது. இரு முனையும் நீளக் கால்களின் பழைய குழாய்த் துளைகளில் உட்கார வேண்டும். அங்கிருந்து கீழே இறங்க வேண்டும். இடப்பக்கம் சைலன்சருக்கு வழிவிட்டு வளைவு எழ வேண்டும். நடுவில் மவுண்டிங் மேடை. வலப்பக்கம் ஹேண்ட் பிரேக் கேபிளுக்கு ஒரு வெட்டு. நாளைக்கு கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினை அசைக்காமல் இதை மட்டும் தனியாகக் கழற்றவும் முடிய வேண்டும். ஏழு துண்டுகளை வெட்டினோம்.

இந்தத் தடவை வண்டியிலேயே வைத்துப் பொட்டு வெல்டு மட்டும் அடித்தோம். கழற்றி, ஒரு கனமான சேனலில் இரு முனையையும் போல்ட் போட்டு இறுக்கி, அதன் மேல் வைத்து முழு வெல்டு. இங்கே ஒரு அங்குலம், அங்கே ஒரு அங்குலம், ஆறவிட்டு மறுபடி. துண்டு துண்டாக ஓட்டினால் சடை பின்ன முடியாது. தம்பிக்கு மனசே இல்லை. கிரைண்டர் போட்டு வழித்துவிடலாமா என்று இரண்டு தடவை கேட்டார். வழித்தால் வெல்டின் பலம் போய்விடும் என்று பெரியவர் விடவில்லை. முனைத் துளைகளை வட்டமாக இல்லாமல் முன்னும் பின்னும் 6 மி.மீ. நகர்கிற மாதிரி நீட்டமாக வைத்தோம். மாட்டும்போது கடப்பாரை தேவைப்படவில்லை. போல்ட்டைக் கையாலேயே திருகி உள்ளே அனுப்ப முடிந்தது. ரப்பர் எந்தப் பக்கமும் இழுபடாமல் உட்கார்ந்த பிறகுதான் எல்லா நட்டையும் இறுக்கினோம்.

பொள்ளாச்சி சாலையில் நான், பக்கத்தில் பெரியவர், பின்னால் தம்பி. அறுபது. எழுபது. யாரும் பேசவில்லை. உள் கண்ணாடியில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. ஒரே லாரி. அதன் நெற்றியில் எழுதியிருந்த 'அங்காளம்மன் துணை' இடவலம் மாறி, எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. எண்பத்தைந்துக்கு மேல் ஏதோ லேசாக ஒன்று வந்தது. அது டயராக இருக்கலாம், கதவு ரப்பராக இருக்கலாம். நான் தேடப் போவதில்லை.

இப்போது இசுசு எஞ்சின் போட்ட அம்பாசடர் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர், "அந்த ரெண்டாவதோட அளவை மட்டும் எழுதிக் குடுங்க, நாங்க இங்கயே செஞ்சுக்கறோம்" என்கிறார்கள். நான் கொடுப்பதில்லை. கஞ்சத்தனம் என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அந்த அளவு என் வண்டியின் எஞ்சின் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு, என் வண்டியின் களைத்துப்போன ஸ்பிரிங்குக்கு, என் வண்டியின் பினியன் மூக்குக்கு உரியது. அவர்கள் வண்டியில் அது இன்னொரு லாரி டயர்த் துண்டாகத்தான் போய் முடியும். நூல்குண்டை வேண்டுமானால் கடன் தருகிறேன் என்றேன். யாரும் வாங்கிக்கொண்டு போகவில்லை.

தெருமுனை வேகத்தடையில் வண்டி இப்போது உரசுகிறது. கோணலாக, ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினால் தப்பிக்கலாம். இரவில் தூக்கக் கலக்கத்தில் நேராக ஏறினால் "சர்ர்" என்று ஒரு சத்தம். கிராஸ் மெம்பரின் அடியில் விரல் நீளத்துக்குப் பெயிண்ட் போய் இரும்பு பளிச்சென்று தெரிகிறது. பெரியவரிடம் சொன்னேன். "ஒரு டின் ரெட் ஆக்சைடு வாங்கி வெச்சுக்க கண்ணு" என்றார்.

போன வாரம் தம்பி போன் செய்தார். கேட், கிரில்லோடு இப்போது வண்டி வேலையும் வருகிறதாம். பட்டறை வாசலில் மாதிரிக்கு மாட்டிவைக்க அந்த முதல் கிராஸ் மெம்பரைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறேன். தொட்டி மூடிக்கு வேறு கனம் பார்க்க வேண்டும், ஆடிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.